இரும்பைச் சொல்லும் மெசின்

போனை எடுத்தது என் சின்ன மகள். "அப்பா, றோஸ் அன்ரி. ஒண்டும் கதைக்கிறா இல்லை" என்று நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டி தட்டும் உத்தியோகம் என்னுடையது. மாக்கையோடு வாங்கிக் காதில் வைத்தேன். "சொல்லுங்கோ அக்கா" என்றேன்.  "தம்பி, உங்கட அண்ணை எங்களை விட்டுட்டுப் போட்டார்" என்றார் றோசக்கா, அண்ணையின் மனைவி.  போனில் அப்பியிருந்த மாவை மகள்தான் பிறகு துடைத்தாளாம்.

சந்தியாப்பிள்ளை அண்ணையை உங்களில் சிலருக்குக் கோயிலில் பூசை முடிந்ததும் கதிரை அடுக்குகிறவராகத் தெரியும். சிலருக்கு எங்களோடு பாண் சுடுகிற பக்ரறியில் ஷிப்ட் செய்தவராகத் தெரியும். மன்னாரிலிருந்து எண்பத்தாறில் இங்கிலாந்துக்கு வந்தவர், இடது காலைச் சற்று இழுத்து நடப்பவர், கேட்டால் மட்டும் பேசுகிறவர். ஓ.எல். பரீட்சையில் இரண்டு தரம் தோற்ற நான் அவரைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் எழுதுவதற்கு நான் உயிரோடு இருப்பதே அவரால்தான். ஆகவே பிழைகளை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் இருவருக்கும் ஒரு பைத்தியம் இருந்தது. அது பங்கிறைச்சியில் தொடங்கியது. நாலைந்து குடும்பம் சேர்ந்து கென்ற் பக்கம் ஒரு பண்ணையில் கிடாய் வாங்கிப் பங்கு போடுவோம். ஒருநாள் அந்தப் பண்ணைக்காரர், உழும்போது மண்ணில் கிளம்பியதென்று ஒரு வெள்ளிக் காசைக் காட்டினார். ஏதோ ஒரு பழைய அரசனின் தலை. கிடாய் வாங்கப் போன நான் அந்த அரசனின் மருமகன் மாதிரித் திரும்பி வந்தேன். அடுத்த மாதமே நானும் அண்ணையும் பழைய மெற்றல் டிடெக்டர் ஒன்றைச் சேர்ந்து வாங்கினோம். அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில் வயலில் தேடலாம், கண்டெடுத்ததில் பாதி தனக்கு என்று பண்ணைக்காரர் சம்மதித்தார். பாவம், அவருக்குப் பாதியாகக் கிடைத்ததெல்லாம் பியர் ரின் திறக்கும் வளையங்கள். எங்கள் பங்கு வளையங்களைக் கோத்து என் மனைவிக்கு ஒட்டியாணம் செய்திருக்கலாம். அவளும் அதையேதான் சொன்னாள், வேறு தொனியில்.

தொண்ணூற்றொன்றில் அந்த மெசினுக்குள் மழைத்தண்ணீர் போய் அது ஊமையாகிவிட்டது. புதிது வாங்க வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் கம்பளத்தில் ஒரு தங்க மோதிரம், ஒரு வெள்ளிக் காசு, ஒரு துருப்பிடித்த ஆணி மூன்றையும் வைத்தார். சாதாரண மெசின் மூன்றுக்கும் கத்தியது. பிறகு விலை கூடியதை எடுத்து ஒரு திருகியைத் திருப்பினார். இப்போது மோதிரத்துக்குக் கத்தியது, காசுக்குக் கத்தியது, ஆணிக்கு மூச்சே இல்லை. தனக்கு வேண்டியது மட்டும் கேட்கும் காது. என் மனைவிக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. என் ஆங்கிலம் இடம் கொடுக்கவில்லை.

"அண்ணை, இதுதான் மெசின்" என்றேன். "இனி ஆணி கிண்டிற வேலை இல்லை."

அண்ணை முன்னுக்கு வந்து, தன் இடது காலை அந்த மெசினின் வட்டத்துக்கு நேரே நீட்டினார். மெசின் பேசாமல் இருந்தது. "மற்றதைப் பிடியுங்கோ, சேர்" என்றார். சாதாரண மெசின் அவருடைய கெண்டைக்காலில் வீரிட்டது. கடைக்காரர் சிரித்துக்கொண்டு, சப்பாத்தில் ஆணி இருக்கும், கழற்றிவிட்டு வாருங்கள் என்றார். அண்ணை கழற்றினார். காலுறையோடு நீட்டினார். மறுபடியும் வீரிட்டது.

"சப்பாத்திலை இல்லை, சேர். காலுக்கை" என்றார். "ஷெல் துண்டு."

அஞ்சு வருஷம் பக்கத்தில் நின்று பாண் அடுக்கியிருக்கிறேன். எனக்கு அது தெரியாது. மூட்டு வாதம் என்றுதான் நினைத்திருந்தேன். கடைக்காரரின் சிரிப்பு எங்கே வைப்பதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. அண்ணை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சாதாரண மெசினைக் காட்டினார். "எனக்கு இது."

"உங்களுக்கென்ன விசரே? நாள் முழுக்க ஆணிதான் கிண்டுவியள்."

"கிண்டுறன். ஆளைக் கொல்லுறது இரும்பு, தம்பி. அதைச் சொல்லாத மெசினோடை நான் வயலுக்கை இறங்கமாட்டன்."

"இது இங்கிலாந்து, அண்ணை."

"ஓம், தெரியும்" என்றார். அவரோடு வாதாடுவதில் உள்ள கஷ்டம் அதுதான். ஒப்புக்கொண்டபடியே அசையாமல் நிற்பார்.

அன்றைக்கு எங்கள் கூட்டு வியாபாரம் உடைந்தது. நான் தவணைக்கு விலை கூடியதை எடுத்தேன், அவர் மலிவானதை எடுத்தார். விக்டோரியா லைன் ரயிலில் திரும்பினோம். ஆளுக்கொரு நீளப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

பிறகு வயலில் அவர் லாடமும் கலப்பைத் துண்டும் முள்ளுக்கம்பியுமாகக் கிண்டினார். நான் பொத்தானும் பென்னிக் காசும் எடுத்தேன். பக்ரறியில் அவருக்கு 'ஆணி அண்ணை' என்று பெயர் வந்தது. வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

அடுத்த வருஷம், அறுவடை முடிந்து வயல் உழுதிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். வயலின் தாழ்ந்த ஓரத்தில் என் மெசின் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் போட்டது. சின்னதாக, சுத்தமாக, இனிமையாக. முழங்காலூன்றிக் கிண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி நுனி எதிலோ தட்டியது. மண்ணை ஊதினேன். மஞ்சளாக மின்னியது.

"அண்ணை, தங்கம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் தன் மெசினை ஆட்டிக்கொண்டு வந்தார். எனக்கு நாலடி தூரத்தில் அவர் வரும்போதே அது கத்தத் தொடங்கி, நிற்கவே இல்லை. அவர் நடையை நிறுத்தினார். அங்கிருந்தபடி மெசினை இந்தப் பக்கம் நீட்டினார், அந்தப் பக்கம் நீட்டினார். சத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று கண்ணாலே அளந்தார். அவருடைய முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"தம்பி, மண்வெட்டி எதிலை முட்டிக்கொண்டு நிக்குது?"

"தங்கத்திலைதான்."

"அது பித்தளை. பித்தளை மூக்கு. மிச்ச உடம்பு இரும்பு. உன்ர மெசின் மூக்கை மட்டும் சொல்லியிருக்கு." வழக்கத்தைவிட மெல்லப் பேசினார். "ஷெல். மண்வெட்டியை ஆட்டாதை. இழுக்காதை. விட்டா அது சரிஞ்சு மூக்கை இடிக்கும். எழும்பாதை."

பிடியை இறுக்கிப் பிடித்தேன்.  அந்த நேரம் பார்த்து வயலின் மேல்பக்கத்தில் ட்ராக்டர் சத்தம் கேட்டது. பண்ணைக்காரர், நான் முழங்காலில் இருப்பதைக் கண்டு, தன் பாதியைப் பார்க்க வருகிறார். என் முழங்காலுக்குக் கீழே நிலம் அதிரத் தொடங்கியது.

அண்ணை மெசினைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். அந்தக் காலோடு, உழுத கட்டிகளுக்கு மேலால் ஓடி, ட்ராக்டருக்கு நேர் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். பண்ணைக்காரர் சிரித்தார். தன் அப்பன் காலத்திலிருந்து உழுகிற வயல் இது, ஒன்றும் இராது என்று சொல்வது காற்றில் கேட்டது. அண்ணை விலகவில்லை. "நோ, சேர். பொம், சேர். போன், சேர்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் இயந்திரம் நின்றது. பண்ணைக்காரர் இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தார்; பிறகு ஓடினார்.

அண்ணையும் அவரோடு போயிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று சொல்லமுடியாது. போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் திரும்பி வந்தார். தன் பழைய அடிச்சுவட்டிலேயே கால் வைத்து வந்து, எனக்கு எதிரில் முழங்காலூன்றி, மண்வெட்டிப் பிடியை என் கைக்கு மேலால் பிடித்தார்.

"இப்ப மெல்லமா உன்ர கையை எடு. வந்த அடியிலையே பின்னுக்குப் போ."

"நீங்கள்?"

"எனக்கு இதிலை பழக்கம். உன்ர பெட்டையள் ரெண்டும் சின்னன். போ."

மன்னாரில் சைக்கிள் கடை வைத்திருந்த மனிதருக்கு இதில் என்ன பழக்கம்? அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கையை எடுத்தேன். பின்பக்கமாக நடந்தேன். வேலிக்கு வந்து பார்த்தபோது, அவர் விரலால் மண்ணை ஒவ்வொரு பிடியாக அகற்றிக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியை மேலே தூக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத நேரத்தைப் போல் நீளமான எதையும் நான் பிறகு கண்டதில்லை.

பொலிஸ் வந்தது, பிறகு ஆமிக்காரர் வந்தார்கள். உலகப் போரில் விமானத்துக்குச் சுட்டு, வெடிக்காமல் திரும்பி விழுந்த ஷெல் என்றார்கள். மூக்கில் தட்டியது நல்லதில்லை என்று ஒரு இளம் அதிகாரி மரியாதையாகச் சொன்னார். அண்ணையிடம், நீங்களும் படையில் இருந்தீர்களா என்று கேட்டார். "இல்லை, சேர்" என்றார் அண்ணை. "நாங்கள் அது விழுற பக்கத்திலை இருந்த ஆக்கள்."

பொழுது சாய அதை அங்கேயே வைத்து வெடிக்க வைத்தார்கள். எங்களைப் பண்ணை முற்றத்தில், வெகுதூரத்தில் நிற்கச் சொன்னார்கள். பண்ணைக்காரரின் மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். சத்தம் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கதவை அறைந்த மாதிரி. பொலிஸ்காரர்கள் கோப்பையோடு நின்றார்கள், பண்ணைக்காரர் கை தட்டினார். நானும் அண்ணையும் நிலத்தில் முகம் குப்புறக் கிடந்தோம். நான் விழவில்லை, அவர்தான் என்னை இழுத்து விழுத்தினார். என் புதுக் கோட்டு கோழி எச்சத்தில் கிடந்தது. அவருடைய உள்ளங்கை என் பிடரியை அழுத்திப் பிடித்திருந்தது.

"முடிஞ்சுது அண்ணை" என்றேன்.

"பொறு. ஷெல் ஒண்டோடை நிக்காது. ரெண்டாவது வரும்."

"வராது. ஒண்டுதான்."

"பொறு" என்றார் மறுபடியும்.

பண்ணைக்காரரின் மனைவி குனிந்து, உங்களுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று கேட்டார். அண்ணை கையை எடுக்கவில்லை. அது இன்னும் கொஞ்சம் அழுத்தியது. வயலில் மண்வெட்டியை அவ்வளவு மெல்லப் பிடித்த அதே கை.

பிறகும் நாங்கள் அந்த வயலுக்குப் போனோம். ஆணியும் எடுத்தோம், பென்னியும் எடுத்தோம். நாங்கள் கண்டெடுத்தவற்றில் எதையாவது அண்ணையின் நினைவாக வைத்திருக்கிறீர்களா என்று அடக்கத்தன்று ஒருவர் கேட்டார்.  இப்போது சொல்கிறேன். என் பிடரியில் அந்தக் கையின் பாரம் இருக்கிறது. இரண்டாவது வராது என்று நிச்சயமாகும்வரை அவர் அதை எடுக்கவில்லை.