நசரத்பேட்டை வந்தால் நின்றுவிடும் வண்டி

இது கலப்படமே இல்லாத நிஜக் கதை என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஜீவா ஒரு பார்வை பார்த்தான். உடனே திருத்திக்கொண்டேன். பருப்பு நிஜம், ரசத்துக்கு ஊற்றிய தண்ணீர் மட்டும் என்னுடையது.

திருமழிசை எஸ்டேட்டில் எங்கள் வாஷர் கம்பெனி வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். அன்று ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்து முடித்துவிட்டு, பொரி எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாட்ச்மேன் தசரதன் உள்ளே சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார். வரிசையாக நின்ற வண்டிகளில் ஒரு பழைய நூறு சிசி வண்டியின் பெட்ரோல் மூடிக்கு மட்டும் கைக்குட்டை கட்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த வினோத் அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்தே, வண்டிக்கு மண்டையில அடியா? கட்டு போட்டுகினு கீது."

வண்டிக்குச் சொந்தக்காரர் கிறிஸ்துதாஸ். சிரித்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். அவர் வாயைத் திறக்க மாட்டார். அதனால் நான் திறந்தேன்.

கிறிஸ்துதாஸ் நூம்பல்காரர். பிரஸ் மெஷினில் வேலை. கல் தடுக்கி விழுந்தால் கல்லிடம் மன்னிப்பு கேட்கிற ரகம். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், உங்களுக்கு வலிக்கலையே என்று விசாரிப்பார். அவருடைய கல்யாணச் சட்டையைத் தைத்தவர் ஒரு கையைக் குட்டையாக வைத்துவிட்டார். சொன்னால் தையல்காரர் மனசு நோகும் என்று, போட்டோ முழுக்க ஒரு கையை மடக்கிக்கொண்டே நிற்கிறார். கை ஊனமான மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் பாதிப் பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மனைவி ஞானகுமாரியே ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள் என்று நான் சொல்வேன். அது தண்ணீர்.

ரொம்ப வருஷமாக ஒப்பந்த ஆள். போன வருஷம் ஆயுத பூஜை சமயத்தில், தீபாவளிக்குச் சில பேரை பெர்மனென்ட் பண்ணப் போகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள். அதுவரைக்கும் ஆளை எடை போடுவார்களாம். கேட் மூடின பிறகு மூன்று தடவை வந்தால் பெர்மனென்ட்டும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது, வீட்டுக்குப் போகலாம். அதுவரை ஒரு நாள்கூட லேட்டாக வராதவர் கிறிஸ்துதாஸ். அவருக்கு என்ன பயம்?

பூஜை முடிந்த மறுநாள் வண்டி நின்றது.

நூம்பலிலிருந்து நன்றாகத்தான் வந்தது. வேலப்பன்சாவடி, பூந்தமல்லி எல்லாம் தாண்டியது. நசரத்பேட்டையில் ரெண்டு விக்கல் விக்கி அடங்கிவிட்டது. ரிசர்வில் போட்டார், சோக் இழுத்தார், உதைத்தார். பக்கத்தில் லாரிகள் அவர் சட்டையை உரித்துக்கொண்டு போயின. வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கு வந்தபோது கேட் மூடியிருந்தது. முதல் லேட்.

சாயங்காலம் பூந்தமல்லி மெக்கானிக் பெனிட்டோவிடம் காட்டினார். எந்த வண்டி வந்தாலும் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது பெனிட்டோவின் முதல் வைத்தியம். பார்த்தான், மூடினான், பிளக்கை மாற்றினான். ஒரே உதையில் கிளம்பியது. மறுநாளும் நசரத்பேட்டையில் படுத்துவிட்டது, கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருந்ததால் கேட் மட்டும் தப்பியது. கொஞ்ச நேரம் ஓரமாக நின்றால் தானாகக் கிளம்பும், திரும்பவும் விக்கும். திரும்ப பெனிட்டோ மூடியைத் திறந்து பார்த்தான், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ஒரே உதை. அதற்கடுத்த நாள் திரும்பவும் அதே இடம். பெனிட்டோ இன்ஜினைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். மிச்சம் இருந்தது கிறிஸ்துதாஸ்தான்.

நாங்கள் சும்மா இருப்போமா? "மாமே, உன் வண்டி ஞானஸ்நானம் வாங்கிடுச்சு. நாசரேத் பேரைக் கேட்டாலே எறங்கி ஜெபம் பண்ணுது" என்று ஜீவாதான் ஆரம்பித்தான். அவரும் சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாய்கூட வைக்காமல் மூடிவிட்டார். அதற்கு மேல் நான் கிண்டல் பண்ணவில்லை.

பஸ்ஸில் வந்திருக்கலாமே என்று கதையின் நடுவில் வினோத் கேட்டான். வந்தார். அன்றைக்குத்தான் இரண்டாவது லேட்.

அதற்கப்புறம் அவர் விடியும் முன்பே கிளம்பி, பாதி வழி ஓட்டி, பாதி வழி தள்ளி வந்தார். முட்டி வீங்கியது. ஞானகுமாரி ஹேண்டில்பாரில் ஜெபமாலை கட்டினாள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். மகள் ஷாரனுக்கு ஸ்கூலில் புது ஷூ கேட்டிருந்தார்கள். அப்பா பெர்மனென்ட் ஆனதும் வாங்கிக்கலாம் என்று அந்தக் குழந்தை தானாகவே சொன்னதாம். அதைக் கேட்டுவிட்டு இவர் வண்டியைத் துடைக்கிற சாக்கில் வெளியே போய் நின்றிருக்கிறார்.

தீபாவளி நெருங்கிவிட்டது. ஞானகுமாரிக்கு ஒரு யோசனை. பெட்ரோல் பத்தாமல்தான் நிற்கிறது, வாய் வரைக்கும் ரொப்பிவிடு என்றாள். ரொப்பினார். அதுதான் வினை. அன்று காலை பூந்தமல்லிகூட வரவில்லை, குமணன்சாவடியிலேயே நின்றுவிட்டது.

கிறிஸ்துதாஸ் உதைத்தார். நூறு உதை என்று வழக்கமாகச் சொல்வேன், இன்று பாதியாவது நிஜம். அப்புறம் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போனை எடுத்தாராம். ஞானகுமாரிக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டாராம். கடைசியாக, ரொப்பின பெட்ரோல் எங்கேதான் போனது என்று மூடியைத் திறந்தார்.

'உஸ்ஸ்' என்று வண்டி மூச்சு இழுத்தது.

உதைத்தார். கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. திறந்தார். அதே 'உஸ்ஸ்'. அப்போதுதான் உறைத்தது. பெனிட்டோவின் பிளக்கும் கார்பரேட்டரும் ஒன்றும் செய்யவில்லை, அவன் மூடியைத் திறந்ததுதான் வைத்தியம். உள்ளே காற்று போனால்தானே பெட்ரோல் கீழே இறங்கும்? ஜூஸ் பாட்டிலை வாயை எடுக்காமல் உறிஞ்சினால் கொஞ்சத்தில் பாட்டில் ஒடுங்கிவிடுகிற மாதிரிதான். டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, இன்னும் சீக்கிரம் மூச்சு முட்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. கிறிஸ்துதாஸ் குனிந்து பார்த்தார். ஓட்டை இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் பூஜைச் சந்தனம் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது.

மூடியைப் பூட்டாமல் மேலே சும்மா வைத்து, பெட்ரோல் தளும்பித் தொடையில் எரிய எரிய, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கேட் மூடியிருந்தது. மூன்றாவது லேட். உள்ளே தசரதன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் நிற்கிற எல்லா வண்டிக்கும் சந்தனம் வைப்பது தசரதன்தான். இந்த எஸ்டேட் வருவதற்கு முன்னால் இங்கே நெல் போட்ட குடும்பம். வேறு யாரையும் கிண்ணத்தைத் தொட விடமாட்டார். கிறிஸ்துதாஸ் வேதக்காரப் பையனாயிற்றே, தன்னை ஒதுக்கியதாக நினைத்துவிடக் கூடாது என்று அவர் வண்டிக்கு மட்டும் ரெண்டு கை கூடவே அப்புவார்.

"டைம் ஆயிடுச்சு தாசு. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் தசரதன். அவர் குரலும் சரியில்லை.

"ஒண்ணும் இல்லண்ணா. வண்டி கொஞ்சம் மக்கர்."

"மூடிய ஏன் புட்ச்சிகினு கீற? கைய எடு."

எடுத்தார். தசரதன் கம்பி வழியாகப் பார்த்தார். மூடியைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார். காலத்துக்கும் வயலில் ஆயில் இன்ஜின் ஓட்டினவர், சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பூஜை அன்னிக்கி வச்சது. இத்தினி நாளா ஏன்டா தொடைக்கல?"

"நீங்க ஆசையா வச்சதுண்ணா. நான் தொடைச்சு நீங்க பாத்துட்டீங்கன்னா?"

தசரதன் கேட்டைத் திறந்தார். கிறிஸ்துதாஸின் கையைப் பிடித்து நேராக மேனேஜர் நிர்மல் சாரிடம் கூட்டிக்கொண்டு போனார். இவன் லேட் இல்லை சார், இவனை நான்தான் பூஜை நாளிலிருந்து ரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன், தள்ளுவதானால் என்னைத் தள்ளுங்கள் என்றார். நிர்மல் சாருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. கையில் மூடியுடன், பெட்ரோல் நாற்றத்துடன் அழுதுகொண்டு நின்ற ஆளைப் பார்த்துவிட்டு, மொதல்ல போய்க் கால் கழுவுப்பா, மெஷினாண்ட போகாதே என்றார். தீபாவளிக்கு கிறிஸ்துதாஸ் பெர்மனென்ட்.

கதை அதோடு முடிந்தது. முடிந்த நேரம் பார்த்து தசரதன் சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். டீயோடு கிறிஸ்துதாஸும் வந்தார். தசரதனின் கண் நேராகக் கைக்குட்டையில் போய் நின்றது.

"இன்னா தாசு, இந்த வாட்டி நான் வெக்கக் கூடாதா?"

கிறிஸ்துதாஸ் டீயைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகக் கைக்குட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அண்ணாத்தே, அவுக்காத" என்று வினோத் குறுக்கே பாய்ந்தான். "ஹெட்லைட்ல வெக்கட்டும். மூடியில வச்சா மறுபடி நசரத்பேட்டதான்."

"டேய், நேத்து வந்தவன் நீ" என்று ஜீவா எழுந்தான். "அந்தச் சந்தனம் அடைக்கலன்னா இவரு எப்படி பெர்மனென்ட் ஆயிருப்பாரு? மூடியிலதான் வெக்கணும், அதான் ராசி."

"ராசியா? இவரு முட்டிய போய்ப் பாரு."

"முட்டிய இன்னாத்துக்குப் பாக்கணும்? சட்டையில பெர்மனென்ட் பேட்ஜ பாரு."

பாதிப் பேர் மூடி என்றார்கள், பாதிப் பேர் ஹெட்லைட் என்றார்கள். எவன் வண்டிக்கும் இனிமேல் வைக்கப்போவதில்லை என்று தசரதன் கிண்ணத்தைப் பின்னால் மறைத்தார். யாரோ தள்ளினதில் டீ கொட்டியது. ஜீவா வினோத்தின் சட்டையைப் பிடித்தான், நான் ஜீவாவின் சட்டையைப் பிடித்தேன். நடுவில் கிறிஸ்துதாஸ், பாதி அவிழ்த்த கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தரிடமாக மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தார்.