லிஃப்ட் குழியிலிருந்து வந்தவை

கம்பெனியின் காலாண்டு இதழ் அவரை இப்படி அறிமுகப்படுத்தியது: "நமது முதுநிலை லிஃப்ட் மெக்கானிக், இயற்கையின் எழிலைத் தினந்தோறும் வண்ணத்தில் வடித்து மனமகிழ்பவர். கலகலப்பான சுபாவம் கொண்டவர்."

ஒரு பள்ளி அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக நன்னடத்தைச் சான்றிதழ்கள் தட்டச்சு செய்துவரும் அவருடைய மனைவிக்கு இந்த மாதிரி வாக்கியங்கள் புதிதல்ல. பொய் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துப் படித்தாள். லிஃப்ட் மெக்கானிக் வரைக்கும் உண்மை. அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேறவில்லை.

இயற்கைதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் செத்துப்போன இயற்கை. லிஃப்ட் ஓடும் தடத்துக்கு அடியில் ஒரு குழி உண்டு. மாடிகளில் கைதவறும் சாவி, ஒற்றைச் செருப்பு, பிள்ளைகளின் பந்து எல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். வழி தெரியாமல் உள்ளே வந்துவிட்ட புறா, வௌவால், அந்துப்பூச்சிக்கும் அதே கதி. சாவியை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, கேட்க நாதியற்றதை அவர் ஒரு பழைய டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, அஞ்சலட்டை அளவுத் தாளில் அதை வரைவார். ஆறு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. குழி கைவிட்ட நாட்களில், வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய தவளையோ பூசணம் பூத்த தக்காளியோ கைகொடுக்கும். மனமகிழ்வா? வரையும்போது அவர் முகத்தைப் பார்த்தால் பல் பிடுங்கப் போகிறவர் என்றுதான் தோன்றும்.

"ஏங்க, இது சாப்பிடுற மேஜைங்க."

"பேப்பர் விரிச்சிருக்கேன்ல."

"ஒரு பூ வரைஞ்சா கை சுளுக்கிக்குமா?"

"பூவை வரைய ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இதை யாரு திரும்பிப் பாக்குறாங்க?"

"பாக்கச் சகிக்கலைன்னுதான் யாரும் பாக்கலை. நல்லா என் உயிரை வாங்குறீங்க."

"உயிர் போனப்புறம்தானே நான் போய் எடுக்கறேன்" என்பார், தூரிகையை அலசியபடி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இதற்குப் பெயர் கலகலப்பான சுபாவம்.

அந்த வீட்டில் அவள் பக்கம் பேச ஒரே ஒரு ஜீவன் இருந்தது. ஜன்னலோரக் கூண்டில் ஒரு நீல லவ் பேர்ட். வேலை ஒன்றும் கிடையாது, நாள் முழுக்க அதட்டல், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தவறாமல் ஆஜர் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். அவர் வரைய உட்கார்ந்ததும் அது தலையைச் சாய்த்துக் கத்தத் தொடங்கும். "நல்லா கேளுடா" என்பாள் அவள்.

ஒரு காலை மேனேஜர் கூண்டின் தரையில் கிடந்தது.

அவள் அழவில்லை. மேஜையைத் துடைத்தாள். ஆறு வருடத்தில் முதல்முறையாகத் தானே செய்தித்தாளை விரித்தாள், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள், கைக்குட்டையை மடித்து அதன்மேல் பறவையைக் கிடத்தினாள்.

"வரைங்க."

அவர் பென்சிலை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே வைத்தார்.

"இது வேணாம்மா."

"என்னது?"

"எனக்கு வராது."

"ஆறு வருஷமா கண்ட காக்கா, கண்ட எலி, பேர் தெரியாத பூச்சி, எல்லாத்துக்கும் படம் போட்டீங்க. அதுங்கல்லாம் உங்களுக்கு மாமனா, மச்சானா? என் பறவைக்கு மட்டும் கை வராதா?"

"அதுங்களை நான் உயிரோட பாத்ததில்லை. கிடக்கறபடி வரைஞ்சுடுவேன். இதைப் பாத்தா, தலையைச் சாய்ச்சு என்னைத் திட்டுறதுதான் தெரியுது. வரைஞ்சா பொய்யா வரும்."

"பொய்யாவே வரட்டும். போன்ல எடுத்ததெல்லாம் சாம்பலாத்தான் விழுந்திருக்கு. அந்த நீலம் எனக்கு ஒரு வாரத்துல மறந்துடும். எனக்கு அது வேணும்."

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, கதவு அதிரச் சாத்திவிட்டுப் போனாள்.

அலுவலகத்தில், கம்பெனி இதழ் எப்படியோ பக்கத்து மேஜைக்காரி கைக்கும் வந்திருந்தது. "அக்கா, உங்க வீட்டுக்காரர் இயற்கை ஓவியராமே! எங்க ஹால்ல மாட்ட ஒண்ணு குடுங்களேன்."

"வௌவால் இருக்கு. தரட்டுமா?"

பக்கத்து மேஜை அதன்பின் சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை. அன்று அவள் அடித்த சான்றிதழ்களில் இரண்டைத் திருப்பி அடிக்க வேண்டியிருந்தது. ஊர்ச் சாவுக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் நிற்பவர், சொந்த வீட்டுச் சாவு என்றதும் கையைக் கட்டிக்கொண்டாரே என்று நினைக்க நினைக்க ஆறவில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்துக்கொண்டு வந்தாள்.

வந்து பார்த்தால், அவர் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தார். சீருடை கொடியிலேயே தொங்கியது. பறவையும் கைக்குட்டையின்மேல் அப்படியே கிடந்தது. அவருடைய கைகள் மணிக்கட்டு வரை நீலம்.

"படம் எங்க?"

"படம் வரலை."

திட்டுவதற்கு ஆதாரம் வேண்டும் என்று அவள் தாளைப் பிடுங்கினாள். அதில் பறவை இல்லை. நகத்தளவில் பதினொரு நீலக் கட்டங்கள். பத்தின் கீழே பென்சிலால் 'இல்லை' என்று எழுதியிருந்தது. பதினொன்றாவதன் கீழே 'கிட்டத்தட்ட'.

அவள் தாளைக் கொண்டுபோய்ப் பறவையின் மார்போடு ஒட்டிப் பிடித்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மறுபடியும் பிடித்தாள்.

"எங்க கிட்டத்தட்ட? கழுத்துக்கிட்ட இன்னும் கொஞ்சம் வெளுப்பா இருக்குமே, கண்ணு தெரியலையா உங்களுக்கு? காலையிலேருந்து உக்காந்து என்னத்தைக் கிழிச்சீங்க?"

அவர் தூரிகையை அலசிவிட்டு, மறுபடி நீலத்தைத் தொட்டார்.

மேனேஜர் செத்த அன்று அவர் அதை வரையவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, விளக்குப் போடும் நேரம் வரை பன்னிரண்டு நீலம் கலந்தார்.