இரண்டு பக்கத்துக்கும் போகிற முகம்

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று மத்தியானம் கைபேசியோடு வந்து என் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். திருவனந்தபுரத்தில் படிக்கிற பிள்ளை. துணிக்கடை விளம்பரங்களில் நிற்பதற்கு ஆள் எடுக்கும் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போடுகிறாளாம். பவுடர், மை எதுவும் இல்லாமல் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று என்று மூன்று படம் கேட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் எங்கள் வீட்டுச் சுவர்தான் வெள்ளையாக இருக்கிறதாம். என்னையே எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்தேன். என் கை நடுக்கத்தில் முதல் படத்தில் அவளுக்கு இரண்டு மூக்கு.

கட்டணம் ஏதாவது முன்கூட்டிக் கேட்டார்களா, அந்த ஆபீசை நேரில் போய்ப் பார்த்தாயா, கூட யார் வருகிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே போனதும் அவள் சிரித்துவிட்டாள். அம்மச்சிக்கு எதிலும் சந்தேகம்தான் என்று மலையாளத்தில் சொன்னாள். உண்மைதான். எனக்கு அந்தச் சந்தேகம் தொற்றியதே இதே மூன்று படங்களால்தான். அதைச் சொல்லியிருப்பேன், அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்களைப் பிரித்து மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். எங்கள் வீடு பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. கடையில் போய் நின்றால், வாங்குகிற சாமானை விட எந்த பாஷையில் கேட்கிறாள் என்பதில்தான் எல்லார் காதும் இருக்கும். உப்புக்கு இரண்டு பாஷையிலும் உப்புதான் என்பது ஒரு சௌகரியம். நாங்கள் அடிக்கடி உப்பு வாங்கினோம்.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். வீட்டில் அம்மை, அண்ணன் ஞானதாஸ், நான். அண்ணன் போராட்டக் குழுவில் இருந்தான். சுவரில் எழுதுவது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, போலீஸ் வந்தால் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் வழியாக ஓடுவது, இதுதான் அவன் உத்தியோகம். நான் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் தாய்மொழி என்ன என்று கேட்டார்கள். தமிழ் என்று எழுதினால் பதில் வராது. மலையாளம் என்று எழுத அண்ணன் விடமாட்டான்.

எதிரி என்ன எழுதுகிறான் என்று பார்ப்பதற்காக அண்ணன் மலையாளப் பத்திரிகை ஒன்று வாங்குவான். அதில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். பாலராமபுரத்தில் நெசவு நடத்துகிற ஒரு சேலைக் கம்பெனி, காலண்டருக்கும் கடைகளில் மாட்டுகிற படங்களுக்கும் சேலை உடுத்தி நிற்க இளம்பெண்கள் தேவை என்று போட்டிருந்தது. கூலி உண்டு. மூன்று விதமாக எடுத்த படம், வயது, உயரம், வீட்டாரின் சம்மதம், நன்னடத்தைச் சான்று, இவ்வளவும் அனுப்ப வேண்டும். தாய்மொழி கேட்கவில்லை. உயரம் மட்டும் கேட்கிற வேலை உலகத்தில் இருக்கிறதே என்று எனக்கு சந்தோஷம்.

அண்ணன் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது போலீசுக்க தந்திரமாக்கும். முதல்ல படத்த வாங்குவான். பின்ன வீட்டுல ஆராரு உண்டுண்ணு கேப்பான்."

அம்மையின் சந்தேகம் வேறு. சேலை விற்கிறவனுக்குச் சேலையைப் படம் எடுத்தால் போதாதா, பெண் எதற்கு? சினிமாவுக்குப் பிடித்துக்கொண்டு போகிற கூட்டமாக இருக்குமோ? ஆனாலும் வீட்டில் அரிசிப் பானை இருந்த நிலைமை அவளுக்குத்தான் தெரியும். நானும் கூட வாறேன், எல்லாவற்றையும் என் கண்ணால் பார்க்கணும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள். தையல்காரர் வீட்டிலிருந்து டேப் வாங்கிவந்து என்னைக் கதவுநிலையோடு நிறுத்தி உயரம் அளந்தாள். இரண்டு தடவை. டேப்பின் மேலும் அவளுக்கு நம்பிக்கையில்லை.

நன்னடத்தைச் சான்றுக்குப் போதகரிடம் போனோம். எங்களுடையது பழைய மிஷன் சபை. என்ன வேலை என்று அவர் கேட்டார். நிற்கிற வேலை என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதித் தந்தார். 'எனக்குத் தெரிந்தவரை' என்பது அந்த நாலு வரியில் மூன்று இடத்தில் வந்தது.

படம் எடுக்க நெய்யாற்றின்கரைக்குப் போனோம். ஊறுகாய்க்கு வினிகர் ஊற்றும்போதெல்லாம் இன்றைக்கும் அந்த ஸ்டூடியோ எனக்கு ஞாபகம் வரும். உள் அறையில் படம் கழுவுகிற மருந்தின் புளித்த வாடை. பின்னால் ஏரியும் அன்னமும் வரைந்த திரை. ஸ்டூடியோக்காரர் அதியன்னூர்க்காரர், வயதானவர், சாது. மலையாளம்தான் பேசுவார், எங்கள் தமிழ் புரியும்.

நேராக ஒன்று எடுத்தபிறகு என்னைப் பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். அம்மை எழுந்துவிட்டாள்.

"முகம் ஒண்ணுதானே உண்டு. பின்ன எதுக்கு மூணு படம்?"

கம்பெனி கேட்கிறது, மூக்கும் தாடையும் எப்படி விழுகிறது என்று பார்ப்பார்கள் என்று அவர் பொறுமையாகச் சொல்லிவிட்டு, காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். துணிக்குள் என்ன செய்கிறான் என்பது அம்மையின் அடுத்த கவலை. அவர் தலையை வெளியே எடுத்ததும் சட்டென்று இவள் தன் தலையை உள்ளே விட்டாள். பிறகு துணிக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"எனக்க பிள்ளைய தலைகீழாட்டு நிறுத்தியிருக்கீரே."

கண்ணாடியில் அப்படித்தான் விழும், காகிதத்தில் நேராகிவிடும் என்று அவர் விளக்கினார். அம்மை நம்பவில்லை. படங்கள் தயாரான அன்று போனபோது, கண்ணாடித் தகடுகளையும் கொடுத்தால்தான் ஆயிற்று என்று ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்துகொண்டாள். தகடு இருந்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தான். வந்த வாடிக்கைக்காரர்கள் எல்லாம் என்ன ஏது என்று விசாரிக்கத் தொடங்கியதும், மனுஷன் தகடுகளைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுத்துவிட்டார். அம்மை அவற்றை நெல் குதிருக்குள் புதைத்துவைத்தாள். படங்களைப் பார்த்தபோது எனக்கே மனம் விட்டுப்போயிற்று. என் மூக்கு கொஞ்சம் பெரிசு. பக்கவாட்டுப் படத்தில் அது எனக்கு முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தது.

ஆனால் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நேரில் வந்து காட்டச் சொல்லி.

பாலராமபுரத்தில் அது ஒரு நீளமான ஓட்டு வீடு. உள்ளே தறிச் சத்தம். புதுத்துணியின் கஞ்சி வாடை வாசலிலேயே முகத்தில் அடித்தது. அம்மை எல்லா அறைகளுக்கும் எத்தனை வாசல் என்று பார்த்துவைத்துக்கொண்டாள். காட்டாக்கடையிலிருந்து ஒரு பெண் தன் மாமனோடு வந்திருந்தாள். அந்த மாமன் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார், நாங்கள் அவரை. ஒவ்வொருத்தரையும் நடக்கச் சொன்னார்கள். உட்காரச் சொன்னார்கள். முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கை நடுங்காமல் நிற்கச் சொன்னார்கள். இது சுலபம் என்று நினைப்பீர்கள். ஒரு தடவை நின்று பாருங்கள், மூச்சு விடுகிறதே பெரிய அசைவாகத் தெரியும்.

வீடு எங்கே என்று மானேஜர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மை பதில் சொன்னாள், பளிங்கு மாதிரியான மலையாளத்தில். வீட்டில் நான் ஒரு மலையாளச் சொல் பேசினாலும் முறைக்கிற அம்மை. மானேஜர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த படக்காரரிடம், இந்த முகம் இரண்டு பக்கத்துக்கும் போகும் என்றார்.

அதன் அர்த்தம் படம் எடுத்த அன்றுதான் தெரிந்தது. சண்டை எப்படி முடிந்தாலும் இரண்டு பக்கமும் சேலை விற்க வேண்டுமே. காலையில் கொசுவம் வைத்துக் கட்டி, பின்னல் போட்டு, குங்குமப் பொட்டோடு நிறுத்தினார்கள். அது தெற்கே போகிற தமிழ்க் காலண்டருக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு முண்டும் அதன்மேல் போடுகிற நேரியதும் உடுத்தி, தலைமுடியை விரித்துவிட்டு, சந்தனக்குறி வைத்து நிறுத்தினார்கள். அது மலையாளக் காலண்டருக்கு. எங்கள் சபையில் பொட்டு வைக்கிற வழக்கமே கிடையாது. குங்குமச் சிமிழைப் பார்த்ததும் நான் அம்மையைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வைக்கட்டு. படத்துல உள்ள பொட்டு படத்துக்குத்தானே."

வேலை முடிந்ததும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் நெற்றியை அவளே தேய்த்தாள். எல்லாம் அழிந்தபிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வருஷம் பிறந்தது, காலண்டர்கள் வந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அண்ணனின் குழுவில் மூன்று பேரை போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது, ஊர்வலத்துக்குப் புறப்படுகிற அதிகாலையில், அவரவர் வீட்டில் வைத்தே. யாரோ உள்ளிருந்து சொல்லியிருக்க வேண்டும். யார் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், நெய்யாற்றின்கரையில் ஒரு சாயாக்கடைச் சுவரில் சந்தனக்குறியும் நேரியதுமாக நான் தொங்கிக்கொண்டிருப்பதைக் குழுவில் ஒருவர் பார்த்துவிட்டார். கீழே மலையாள எழுத்து. பாலராமபுரத்துக்கு நான் போய்வந்ததும் அவர்கள் பிடிபட்டதும் ஏறக்குறைய ஒரே சமயம். அதற்குமேல் ஆதாரம் யாருக்கு வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது அண்ணன் என்னைக் கயிறு திரிக்கிற சாலையின் பின்னாலிருந்த ஓலைக்கொட்டகைக்குக் கூட்டிப்போனான். உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என்னைச் சின்னதிலிருந்து தெரிந்தவர்கள்தான், ஆனால் யாரும் உட்காரச் சொல்லவில்லை. வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் கேள்வி கேட்டார். படவேலைக்கு எப்படி விண்ணப்பம் போட்டாய் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். பத்திரிகை, உயரம், போதகரின் சான்று, ஸ்டூடியோ, பாலராமபுரத்தில் நடந்து காட்டியது எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. ஒரு பெண் நிற்பதற்கு இத்தனை கேட்பார்களா? குமாஸ்தா குறுக்கிட்டார்.

"பக்கவாட்டுல எதுக்கு எடுத்தான்? போலீசும் அப்பிடித்தான எடுப்பான்."

மூக்கைப் பார்ப்பதற்கு என்றேன். யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. அண்ணனைப் பற்றிக் கேட்டார்களா, கூட்டம் எங்கே கூடும் என்று கேட்டார்களா, திருவனந்தபுரத்திலிருந்து வந்த படக்காரன் தனியாக ஏதாவது பேசினானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

"காலத்தே தமிழத்தியாட்டு நின்னேன். மத்தியானம் மலையாளத்தியாட்டு நின்னேன். நிக்கதுக்குத்தான் கூலி தந்தாவ. பறயதுக்குத் தரேல்ல."

குமாஸ்தா போகச் சொல்லித் தலையசைத்தார். குற்றம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அண்ணன் கொட்டகைக்குப் போனபோது அங்கே யாரும் இல்லை. கூட்டம் வேறு இடத்துக்கு மாறியிருந்தது. எங்கே என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவன் கிணற்றில் தண்ணீர் இறைத்து இறைத்து, நிறைந்திருந்த தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தான். அம்மை போய் வாளியைப் பிடுங்கவேண்டியதாயிற்று. போலீசுக்குச் சொன்னது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

நான் அதன்பிறகும் இரண்டு வருஷம் அந்தக் கம்பெனிக்கு நின்றேன். அரிசிப் பானைக்குப் போராட்டம் தெரியாது. அண்ணன் தடுக்கவில்லை. பாலராமபுரத்துக்கு நான் புறப்படுகிற நாட்களில் மட்டும் வீட்டில் இருக்கமாட்டான்.

ராஜ்யங்களைப் பிரித்தபோது விளவங்கோடு வரை மதராஸ் பக்கம் போயிற்று. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றன. களியக்காவிளையில் பட்டாசு வெடித்த சத்தம் எங்கள் வீட்டில் கேட்டது. நாங்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் பாதியில் எழுந்து கை கழுவினான்.

கொஞ்ச நாளில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. தகரப்பெட்டியோடு புறப்பட்டான். பஸ் வரும் இடம் வரை நானும் போனேன். நீயும் அம்மையும் பின்னால் வாருங்கள் என்று சொல்வான் என்று நினைத்தேன். பஸ் தூரத்தில் தெரிந்தபிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"உள்ளதச் சொல்லு மக்கா. நீ அவங்ககிட்ட ஒண்ணும் பறயேல்ல, இல்லியா?"

"பறயேல்ல அண்ணா."

சரி என்று தலையாட்டிவிட்டு ஏறினான். ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது, ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வளைவு திரும்பும் வரை அவனுடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம்பினானா இல்லையா என்று ஒரு பின்தலையில் எப்படித் தெரியும்? அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு வருவான், அம்மையின் அடக்கத்துக்கு வந்தான், என் கல்யாணத்துக்கு முன்னின்றான். இந்தப் பேச்சை மட்டும் அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அண்ணன் இறந்துபோய்ப் பல வருஷமாகிவிட்டது. நெய்யாற்றின்கரை ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. அந்தச் சேலைக் கம்பெனியை வாரிசுகள் பங்கு பிரித்து விற்றுவிட்டார்கள். குமாஸ்தாவும் கொட்டகையில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சபையில் தமிழ் ஆராதனை முதலில் மாதத்துக்கு ஒன்றாயிற்று, பிறகு நின்றுபோயிற்று. என் பிள்ளைகள் என்னோடு மலையாளத்தில்தான் பேசுகிறார்கள். நல்ல பிள்ளைகள், நான் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புகிறார்கள். உள்ளதச் சொல்லு மக்கா என்று அந்தத் தமிழில் என்னைச் சந்தேகப்பட இப்போது இங்கே ஒருத்தரும் இல்லை.