மிச்சம் ஒருத்தர்

இன்று எங்கள் பாலர் பாடசாலையில் கலியாண வீட்டு விளையாட்டு. மணல்தான் சோறு. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டான சஹனுக்குப் பெயின்ட் வாளி மூடிகள்.

ஐந்து வயது ஹனா தலைகளை எண்ணினாள்.

"பதிமூணு பேரு. ரெண்டு சஹன் போதும்."

"மிச்சம் ஒருத்தர் இரிக்காரே?" என்றேன்.

"அவர் சோறு வைக்கட்டும், டீச்சர்."

கூட்டிப்போக வந்த ஹனாவின் உம்மா கொப்பியைப் புரட்டினார்.

"இண்டைக்கும் விளையாட்டுத்தானா? கணக்கு ஒண்டும் எழுதல்லயே!"

விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. பேனாவை எடுத்து, 13 ÷ 6 = 2, மிச்சம் 1 என்று எழுதினேன்.

"உங்கட மகள் இண்டைக்குச் செஞ்சது."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ், இப்பயே வகுத்தலா! இனி இவள விளையாட உடாதீங்க, டீச்சர்."

நாளைக்கும் கலியாண வீடுதான். கொப்பியில் நான் என்ன பாடமென்று எழுதட்டும், சொல்லுங்கள்.