கொசுறு போடாதவளின் கணக்கு

மோன்ஸே சந்தையில் லுயாண்டோவின் தக்காளிக் கடைக்குப் பக்கத்தில் என் கருவாட்டுக் கடை. நாற்றத்துக்காக அவள் என்னைத் திட்டுவாள். அவள் கடை ஈக்களுக்காக நான் அவளைத் திட்டுவேன். சரியான வாயாடி. ஆனால் குவியல் வாங்கிய யாரையும் ஒரு தக்காளி கொசுறு போடாமல் அனுப்பமாட்டாள். போடாவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும்.

இந்த வருடம் அவளுக்கு ஒரு பித்துப் பிடித்தது. மகள் சூல்வே ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகிறாள்; தானும் அவளோடு எழுத வேண்டும். சூல்வே அதைப் பள்ளி முழுக்கப் பரப்பிவிட்டாள். சந்தைக்காரர்களுக்கு மதியம் பாடம் எடுக்கும் ஹமூங்கா சாரோ, கணக்கில் தேறியவர்களின் பெயரைத்தான் அனுப்புவார். பெயர் கொடுக்கக் கடைசி நாளன்று நாங்கள் எல்லாரும் அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தோம்.

சார் பலகையில் எழுதினார். ஒருத்தியிடம் எட்டுக் குவியல் தக்காளி, குவியலுக்கு ஆறு. ஐந்து பேர் ஆளுக்கொரு குவியல் வாங்கினார்கள். மிச்சத்தில் நான்கு அழுகிவிட்டன. இப்போது எத்தனை இருக்கும்?

"ஒம்பது!" லுயாண்டோ துள்ளி எழுந்தாள். எனக்கும் ஒன்பதுதான் வந்தது. காய்கறி விற்கும் எல்லாருக்கும் ஒன்பது. மினிபஸ் கண்டக்டர் சியாமே மட்டும் பதினான்கு என்றான்.

"ஆளுங்கள எண்ணாம அடைக்கிறவன், நீ கணக்கு பேச வந்துட்டியா?" என்றாள் லுயாண்டோ.

"சியாமே சொன்னதுதான் சரி" என்றார் சார். வகுப்பே கத்தியது. சார் கையமர்த்திவிட்டு, "ஒம்பது எப்படி வந்துச்சு, சூல்வே அம்மா?" என்று கேட்டார்.

"நாப்பத்தெட்டுல முப்பது வித்துடுச்சு. நாலு அழுகிடுச்சு. அப்புறம் அஞ்சு பேருக்கும் ஒண்ணொண்ணு கொசுறு யார் சார் போடுவா? உங்க மாமியாரா?"

சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேள்வியில கொசுறு இல்லையேம்மா! அதுல என்ன இருக்கோ அதத்தான் கணக்குல சேக்கணும். இன்னொண்ணு தர்றேன். இதுவும் தப்புன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஆறு கூடை மாம்பழம், கூடைக்குப் பன்னிரண்டு. பத்துப் பேர் ஆளுக்கு நான்கு வாங்கினார்கள். மிச்சத்தை நான்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட்டாள் அம்மா. பிள்ளைக்கு எத்தனை?

லுயாண்டோ எழுதினாள். எழுபத்திரண்டு. நாற்பது கழித்தாள், முப்பத்திரண்டு. அங்கே கை நின்றுவிட்டது. நான் மனதுக்குள் கத்தினேன்: போடாதே, பாவி, போட்டுத் தொலைக்காதே!

"சார், இவளும் கொசுறு போடலையா?"

"போடல."

"பத்துப் பேருக்கும்?"

"ஒருத்தருக்கும் போடல."

"கல்நெஞ்சுக்காரி" என்று முணுமுணுத்தாள். கொஞ்ச நேரம் மாம்பழக்காரியின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ, முகம் மெல்ல மலர்ந்தது. "போகட்டும். புள்ளைங்களுக்காவது ஆளுக்கு எட்டு முழுசாக் கிடைக்குதே!"

"எட்டு சரி!" என்றார் சார். அவள் பெயரை எங்கள் கண்முன்னேயே எழுதினார்.

அவ்வளவுதான், செருப்பைக்கூட மாட்டாமல் சந்தைக்குள் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமே இல்லை.

"எல்லாரும் கேளுங்க! என் பொண்ணும் நானும் ஒண்ணா பரீட்சை எழுதப்போறோம்!" என்று அலறினாள். "அவ என்னப் பாத்து எழுதாம மட்டும் யாராச்சும் பாத்துக்கங்க!"