புலி காயும்வரை

உடுப்பிக்குப் பக்கத்து மல்பே துறைமுகத்தில் வனஜா திங்களாயாவைத் தெரியாதவர்களுக்கு மீன் வாங்கத் தெரியாது என்று அர்த்தம். ஏலக்கூடத்தில் கூவிக் கூவியே அவள் தொண்டை சங்காகிப் போயிருந்தது. முழங்கால் தேய்ந்து கூடையை இறக்கி வைத்த வருடம், ஒரு தொண்டு நிறுவனம் அவளுக்கு விநோதமான வேலை கொடுத்தது. உயர்நிலைப் பள்ளியில் அடிதடி செய்கிற ஆறு பையன்களை வாரம் ஒருமுறை வட்டமாக உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும். அதற்கு முன் படித்தவர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் செருப்பைப் பறிகொடுத்துவிட்டுப் போனார், மற்றவர் சொல்லாமலே போய்விட்டார்.

உடுப்பியில் பயிற்சி கொடுத்தார்கள். திட்டக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, பையன்களே பேசும்வரை காத்திருக்க வேண்டும். மூச்சு விடாதே என்று சொன்னது போலத்தான் வனஜாவுக்கு இருந்தது.

"மனசுல என்ன இருக்கோ சொல்லுங்கப்பா" என்பாள் வட்டத்தில் உட்கார்ந்து.

"வயித்துல ஒண்ணுமில்ல அக்கா, அத மொதல்ல கேளுங்க" என்பான் அஷ்வித். அத்தோடு அந்த வாரம் முடிந்துவிடும்.

மழைக்காலத்தில் ஒருநாள், பள்ளித் தண்ணீர்த் தொட்டியருகே, தீரஜ் ஒரே குத்தில் அஷ்வித்தின் முன்பல்லைக் கழற்றிவிட்டான். அதுவரை இருவரும் இணைபிரியாத சிநேகிதர்கள். ஏன் அடித்தான் என்று தீரஜும் சொல்லவில்லை, அஷ்வித்தும் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் உபாத்யாயா வனஜாவைக் கூப்பிட்டார்.

"இன்னொரு அடி விழட்டும், ஆறு பேருக்கும் டிசி. நீங்களும் வட்டத்தைச் சுருட்டிக்கிட்டு மீன் விக்கப் போகலாம்."

கிருஷ்ண அஷ்டமி நெருங்கியது. புலி வேஷம் கட்டி ஆட வேண்டும் என்றார்கள் பையன்கள். அவர்கள் ஆறு பேரும் ஒன்றாகக் கேட்ட முதல் விஷயம் அதுதான். வனஜா சரியென்றாள்.

"அடிக்கிற பசங்களுக்குப் புலி வேஷமா?" என்று உபாத்யாயா தலையில் கை வைத்தார்.

"மான் வேஷம் கட்டினா எவன் சார் பாப்பான்?"

அஷ்டமிக்கு மறுநாள், விட்லபிண்டி ஊர்வலத்தன்று, விடியும்போதே பெயின்டர் வந்துவிட்டார். ஜட்டியோடு நின்ற ஆறு உடம்புக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்தார். அது காய்ந்த பிறகுதான் கறுப்பு வரி போட முடியும். அதுவரை உட்காரக்கூடாது, சொறியக்கூடாது. குறுக்கே கட்டிய மூங்கிலில் கைகளை நீட்டிப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும்.

"எவன் கலைச்சாலும் அவனுக்குப் பூனை வேஷம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

தீரஜும் அஷ்வித்தும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. வனஜா மற்ற நால்வருக்கும் கோளிபஜே என்ற மைதா போண்டாவை ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்போது தீரஜின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது.

"அக்கா, ஈ!"

வனஜா காது கேட்காதவள் போல நின்றாள்.

தீரஜ் முகத்தைக் கோணினான், உறுமினான். ஈ அசையவில்லை. கடைசியில் அஷ்வித் கழுத்தை நீட்டி ஊதினான். பல் இல்லாத சந்து வழியாகக் காற்றைவிட எச்சில்தான் அதிகம் வந்தது.

"ஏய், எச்சி தெறிக்குதுடா!"

"பல்லை எடுத்தது யாருடா மாராயா? நானா?"

வனஜாவின் நாக்கு துடித்தது. கையிலிருந்த பஜேயைத் தன் வாயிலேயே அடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா குடிச்சுட்டு விழுந்து கெடந்தப்போ ஐஸ் வண்டில போட்டுத் தள்ளிக்கிட்டு வந்தாங்கல்ல, அன்னிக்கு நீ சிரிச்ச" என்றான் தீரஜ், மூங்கிலைப் பார்த்துக்கொண்டு.

"ஊரே சிரிச்சுது."

"ஊரு சிரிக்கட்டும். நீ ஏன்டா சிரிச்ச?"

அஷ்வித் கால் விரலால் மண்ணைக் கிளறினான். "அதுக்கு முந்தின மாசம் எங்கப்பாவும் அதே வண்டிலதான் வந்தாரு. அன்னிக்கு வண்டி எங்க வீட்டுக்கு வரலைன்னு நிம்மதியா இருந்துச்சு. சிரிப்பு வந்துடுச்சு."

தீரஜின் மஞ்சள் கன்னத்தில் இரண்டு கோடுகள் இறங்கின. திரும்பி வந்த பெயின்டர் கத்தினார். "அழுவுற புலிய எங்க அப்பன் காலத்துலயே பாத்ததில்ல!"

மாலை ஊர்வலத்தில் தாசே மேளம் முழங்கியது. உபாத்யாயா கூட்டத்தின் முன்வரிசையிலேயே இடம் பிடித்திருந்தார். புலிச்சண்டைக் கட்டம் வந்ததும் தீரஜ் பாய்ந்து அஷ்வித்தைப் புழுதியில் சாய்த்தான். இருவரும் புரண்டார்கள். பளாரென்று ஒரு அறை விழுந்தது. ஆட்டத்து அறை இல்லை, அசல் அறை.

"நிறுத்துங்கடா!" உபாத்யாயா உள்ளே புகுந்துவிட்டார். "அடிச்சான்! என் கண்ணால பாத்தேன்! அஷ்வித், நீ சொல்லு. அடிச்சானா இல்லையா?"

தாசே நின்றது. அஷ்வித் கன்னத்தைத் தடவிக்கொண்டு எழுந்தான். ஒரு வார்த்தை போதும், பல்லுக்குப் பல். தீரஜ் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"அடிச்சான் சார்" என்றான் அஷ்வித்.

வனஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தாளம் தப்பி அடிச்சான். அதுக்கு டிசி உண்டுன்னா குடுத்துடுங்க. தாசேக்காரரே, முதல்லேருந்து வாசிங்க!"

கூட்டம் விசிலடித்தது. தாசே அதிர, புலிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட உபாத்யாயா வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்து வனஜா பக்கத்தில் நின்றார்.

"நிஜமாத்தான் அடிச்சான்" என்றார் மூச்சு வாங்கியபடி.

"தெரியும் சார்."

"திங்கக்கிழமை வகுப்புக்கு வரச்சொல்லுங்க. குளிச்சுட்டு வரணும்."

குளித்துவிட்டுத்தான் வந்தார்கள். மஞ்சள் போக மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் குளித்ததில், பக்கத்தில் உட்கார மற்ற பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். ஆறு பேருக்கும் கடைசி பெஞ்சு ஒன்றையே ஒதுக்கிக் கொடுத்து, உபாத்யாயா தானே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.