மூஞ்சி பார்க்கும் சாராள்

"ஒண்ணுதான்" என்கிறார் சாராள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே நூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் குடியிருப்பு உட்கார்ந்திருக்கிறது. அடுத்த பந்துக்கு அத்தனை முகவாய்களும் ஒன்றாக மேலே எழுகின்றன. "ஆறு" என்கிறார், கொட்டாவியை அடக்கியபடி. கூச்சல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர் சாராள். ஊர் நெம்மேலி, வயது நாற்பத்தாறு. ஆண்களுக்கென்று தைத்த நீலச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார். மற்ற நாட்களில் வாசல் கேட்டில் இருப்பவரை, உலகக் கோப்பை ஆட்டம் நடக்கும் நாட்களில் பொதுக் கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் குறுக்கே யாரும் போகாமல் பார்த்துக்கொள்வது வேலை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. தொடரின் முதல் ஆட்டத்தில் சாராள் கூடத்தின் பின்வரிசையில் நின்றிருந்தார். எங்கள் சங்கச் செயலாளர் ரவிச்சந்திரன், நம் கேப்டனின் வியூகத்தைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுதானால் இரண்டாவது மாடிக்குள் மூச்சு வாங்கிவிடும் அவருக்கு, ஃபீல்டர்களின் உடல்தகுதி பற்றி மட்டும் உறுதியான கருத்துகள் உண்டு. "தேர்டு மேன்ல ஆளே இல்ல. இன்னா வியூகம் இது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அடுத்த இரண்டு பந்துகளும் அதே வழியாகப் பவுண்டரிக்குப் போயின.

கழிவுநீர்த் தொட்டி வழிவதைப் பற்றிப் பதினான்கு மாதங்களாக முடிவெடுக்க முடியாத எங்கள் சங்கம், இதற்கு நாற்பது நிமிடத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. பணியாளர் திரையின் அருகில், பார்வையாளர்களை நோக்கியே நிற்க வேண்டும்.

சாராளுக்கு இதில் வருத்தமே இல்லை. எங்கள் முகங்களிலேயே ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கினார். ரவிச்சந்திரன் கட்டைவிரலைக் கடித்தால் எல்.பி.டபிள்யூ. மூன்றாவது வரிசையில் முறுக்கு கடிக்கும் சத்தம் நின்றால் கேட்ச். எல்லோரும் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் நம் விக்கெட். "டிவியாண்ட ரீப்ளே கீது சார், நூறு வாட்டி போடுவான். மூஞ்சி ஒருவாட்டிதான் காட்டும்" என்றார் என்னிடம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நெம்மேலி மைதானத்தில் டென்னிஸ் பந்து ஆட்டங்களுக்கு அவர்தான் அம்பயர். சொந்த அண்ணன் ஜெபசிங்குக்கே ரன் அவுட் கொடுத்து, மூன்று வாரம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார். "அவுட்டுன்னா அவுட்டு. அண்ணனா இருந்தா இன்னா, ஆயரா இருந்தா இன்னா."

அரையிறுதி அன்று மாலை ஐந்தரை மணி. நாற்பத்து மூன்றாவது ஓவர். பந்து உயரப் போனது. எல்லா முகவாய்களும் எழுந்தன, ஒன்றைத் தவிர. முன்வரிசையில் லக்ஷ்மிநாராயணன், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் நெற்றி முழுக்க வியர்வை.

சாராள் வெளிச்சத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நடந்தார். திரையில் பந்துக்குப் பதிலாக ஒரு பெரிய நிழல் ஓடியது. "ஏய் செக்யூரிட்டி, நகரு" என்று பல மொழிகளில் கத்தினார்கள்.

"பெரியவர் மூஞ்சி சரியில்ல. யாரானா கை குடுங்க சார்" என்றார் சாராள்.

"ஒரு நிமிஷம் இரும்மா, ரிவ்யூ போயிருக்கு" என்றார் ரவிச்சந்திரன். நானும் உடனே எழுந்திருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நோ பாலா இல்லையா என்பது எனக்கும் அந்த நேரத்தில் முக்கியமாகத் தெரிந்தது.

சாராள் காத்திருக்கவில்லை. பெரியவரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பாதி நடக்கவைத்தும் பாதி சுமந்தும் வாசலுக்குக் கொண்டுபோனார். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றது கைப்பேசி. கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஓட்டும் சின்னராசு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். "அண்ணாத்த, எல்லாரையும் எறக்கு" என்றார் சாராள். அவன் இறக்கினான். பெரியவரின் மனைவி பார்வதம் மாடியிலிருந்து ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

மாரடைப்பு. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் தன் கையில் எதுவும் இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னாராம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள் சங்கம் கூடியது. முதல் தீர்மானம், சாராளுக்கு நன்றி. இரண்டாவது தீர்மானம், அனுமதியின்றி இடத்தை விட்டு அகன்றதற்கும் திரையை மறைத்ததற்கும் மெமோ. இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது. இரண்டும் ஒருமனதாக நிறைவேறின. விளக்கம் கேட்டதற்கு சாராள் கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்ததை ரவிச்சந்திரன் உரக்கப் படித்தார்: "பெரியவர் முகம் சரியில்லை. அதனால் குறுக்கே போனேன். திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை."

யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் பார்வதம் எழுந்தார். மருத்துவமனையிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு நேராக, தீர்மானங்கள் நிறைவேறிய பிறகுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த மெமோவை எங்கிட்டக் குடுங்க" என்றார் நிதானமாக. "நாளைக்கு வீட்டுக்கு வர்றார். யாரைத் தூக்கிட்டுப் போனதுக்காக இதுன்னு அவரே படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

ரவிச்சந்திரன் கண்ணாடியைத் துடைத்தார். மெமோவை 'மறுபரிசீலனைக்காக ஒத்திவைப்பதாக' அறிவித்தார். எங்கள் சங்கத்தில் ஒத்திவைக்கப்பட்டது எதுவும் மீண்டும் எழுந்ததில்லை. சாராளிடம் நான் அதைச் சொன்னபோது, "சரி சார்" என்றுவிட்டு, உள்ளே போகப் பார்த்த ஒரு விருந்தாளியிடம் கையெழுத்துப் போட மறந்ததைச் சுட்டிக்காட்டிப் பதிவேட்டை நீட்டினார்.

மறுநாள் காலை நான் பால் வாங்கப் போனபோது ரவிச்சந்திரனின் கார் கேட்டருகே நின்றது. அலுவலகம் போகும் அவசரத்தில் பின்னால் ஏழெட்டு கார்கள் வரிசையில் நின்றன. கண்ணாடி கீழே இறங்கியது.

"சாராள்" என்றார் தணிந்த குரலில். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு நாளா தோள்பட்டை ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

இந்த 'பாருங்களேன்' அந்தக் கேட்டில் அவர் வாயிலிருந்து வந்த முதல் மரியாதை. சாராள் குனிந்து, ஜன்னல் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். பின்னால் ஹாரன்கள் ஒவ்வொன்றாக அலற ஆரம்பித்தன. சாராள் நிமிரவில்லை.